குமுதா நடக்கிறாள், நான் காரில் வருகிறேன்

இல்ல சார், வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. பானெட்டைத் திறந்து வெச்சிருக்கிறது சாக்ஸ் காயறதுக்கு. ஓட்டிட்டு வந்த சூடு இருக்கு பாருங்க, அதுல இப்படி விரிச்சுப் போட்டா இருபது நிமிஷத்துல அப்பளம் மாதிரி ஆயிடும். இந்த ஆடிக் காத்துல வெளியில காயப் போட்டா தூத்துக்குடியிலதான் போய்ப் பொறுக்கணும். நீங்க உதவிக்குன்னு வந்தீங்க பாருங்க, பெரிய மனசு. உட்காருங்க. உவரி பஸ்ஸா? இப்பதான் ஒண்ணு போச்சு. அடுத்ததுக்கு முக்கால் மணி ஆகும்னு டீக்கடை அண்ணாச்சி சொல்றார். ஒரு டீ சொல்றேன். எனக்குச் சீனி போடாதது. அது அண்ணாச்சிக்கே தெரியும், நேத்து சாயங்காலமே வந்து பழக்கம் பிடிச்சு வெச்சுட்டேன்.

சாக்ஸ் என்னோடது இல்ல. என் சம்சாரத்தோடது. குமுதவல்லின்னு பேரு. மணப்பாட்டுலேருந்து நடந்து வந்துக்கிட்டிருக்கா, கடற்கரை ஓரமாவே. பன்னெண்டு கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பினா. பத்து மணிக்கு இந்தப் பெரியதாழைக்கு வரணும். எதிர்காத்து, அதனால பத்தே காலுன்னு வெச்சுக்குங்க.

வேண்டுதலா? எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. வேளாங்கண்ணியில மாதா கோயிலுக்கான்னு கேட்டாங்க. திருச்செந்தூர்ல முருகனுக்கான்னு கேட்டாங்க. கீழக்கரையில ஒரு பாய், பாவம், ஏதாவது கட்சிப் போராட்டமான்னு கேட்டார். ஒண்ணும் இல்ல சார். சும்மா. பழவேற்காட்டுல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும், தமிழ்நாட்டுக் கடற்கரை மொத்தத்தையும் நடந்துடணும்னு அவளுக்கு ஒரு இது. ஒரே மூச்சுல இல்ல. மாசத்துக்கு நாலு நாள். போன மாசம் எங்க விட்டாளோ அங்கேருந்து பிடிப்பா. ஒன்றரை வருஷமாச்சு. துறைமுகம் மாதிரி உள்ள விடாத இடம்னா ரோட்டு வழியாச் சுத்தி நடந்து வருவா. ஆறு வந்தா படகு. ஆனா கார்ல ஏறித் தாண்ட மாட்டா. ஒரு தடவை கடலூருக்குக் கிட்ட நல்ல மழை, நான்தான் வற்புறுத்தி ரெண்டு கிலோமீட்டருக்கு வண்டியில ஏத்திக்கிட்டேன். மறுநாள் விடிஞ்சதும் திரும்பப் போய் அந்த ரெண்டு கிலோமீட்டரை நடந்துட்டு வந்தா. அவ்வளவு பிடிவாதம்.

நானா? நான் நடக்கிறதில்ல சார். எனக்கு இதுல ஈடுபாடே கிடையாது. கூட வர்றேன், அவ்வளவுதான்.

என் பேரு எத்திராஜ். திருச்சி பொன்மலை. ரயில்வேயில கூட்ஸ் கார்டா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்து நாலு வருஷம் சார், ரயிலோட கடைசிப் பெட்டியில உட்கார்ந்து, கையில பச்சைக் கொடி சிவப்புக் கொடி, கழுத்துல விசில். அரியலூர் சிமெண்ட், காரைக்கால் நிலக்கரி, எல்லாம் நான் கொண்டு சேத்தது. ரெண்டு நாள் மூணு நாள் கழிச்சுத்தான் வீட்டுக்கு வருவேன். வந்ததும் குமுதாவை உட்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லுவேன். எந்த ஸ்டேஷன்ல எத்தனை மணி நேரம் நிறுத்திப் போட்டான், எந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்ன சொன்னான், நான் என்ன திருப்பிக் குடுத்தேன். அவளும் கேப்பா. நல்லாக் கேப்பா, அந்த விஷயத்துல குறை சொல்லவே முடியாது. உளுந்தூர்பேட்டையில இருந்த ஸ்டேஷன் மாஸ்டரோட பல்வலி வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

அவளும் வேலைக்குப் போனவதான். கிராம சுகாதார நர்ஸ். ஊர் ஊராப் போய் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடறது, மாசமா இருக்கிறவங்களைப் பாக்கிறது, அந்த வேலை. காலையில போவா, சாயங்காலம் வருவா. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, அதுவும் என்னாலதான். எனக்குச் சர்க்கரை. டாக்டர் தினம் நாப்பது நிமிஷம் நடங்கன்னுட்டார். எனக்குத் துணையா குமுதாவும் ரயில்வே மைதானத்துக்கு வந்தா. மூணாம் நாள் எனக்கு முட்டி வலி, பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். அவ நடந்தா. நாலாம் நாளும் நான் பெஞ்சு. அவ நடந்தா. நான் போறதை நிறுத்தினப்புறமும் நடந்தா. இப்படியே ரெண்டு மாசம். ஒரு நாள் சாப்பாட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே கேட்டா, “ஏங்க, நம்ம கடற்கரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர் தெரியுமா?”ன்னு. நான் ஏதோ டிவியில புதிர்ப்போட்டி பாத்துட்டுக் கேக்கிறான்னு நினைச்சு, “ஆயிரம் இருக்கும்”னேன். “ஆமா, கிட்டத்தட்ட ஆயிரம்தான். நடக்கலாம்னு இருக்கேன்”னா.

சிரிச்சேன் சார். யாரா இருந்தாலும் சிரிப்பாங்க. அப்ப அம்பத்தெட்டு வயசு, ஒரு மொட்டு மாதிரி இருப்பா, என் தோளுக்கு வரமாட்டா. நான் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துட்டு வந்தா. ஷூ. ஏற்கெனவே வாங்கியாச்சு. போட்டு நடந்து பழகியும் ஆச்சு.

சரி, தனியா விட முடியுமா? நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். நீ நட, நான் கார்ல வர்றேன், ஆனா தார் ரோடு எங்க முடியுதோ அங்க என் கால் நிக்கும், மணல்ல ஒரு அடி வைக்க மாட்டேன். அவ சரின்னா. ஏன்னுகூடக் கேக்காமலே சரின்னுட்டா, அதுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

அதுலேருந்து என் வேலை இதுதான். முதல் நாளே போய் அடுத்த ஊரைப் பாத்து வைக்கிறது. கரைக்குப் பக்கத்துல கார் எது வரைக்கும் போகும், நிழல் எங்க இருக்கு, டீக்கடைக்காரர் போன் நம்பர் என்ன, லேடீஸ் போறதுக்கு ஒழுங்கான பாத்ரூம் எந்த வீட்டுல இருக்கு. அது முக்கியம் சார், அதை யாரும் யோசிக்கிறதில்ல. விடியக்காலம் எழுந்து பிளாஸ்க்ல சுக்குக் காப்பி. மதியத்துக்குப் புளிச்சாதம். நான் சமைக்கிறது கிடையாது. வீட்டுலேருந்து புளிக்காய்ச்சல் வந்துடும், நான் லாட்ஜ்ல குக்கர் வெச்சுச் சோறாக்கிக் கிளறுவேன், அவ்வளவுதான். அப்பளம் மட்டும் பொரிப்பேன். கால் விரலுக்கு டேப், கொப்புளத்துக்கு மருந்து, மாத்து ஷூ, மடக்கு நாற்காலி, பெரிய குடை, வெந்நீர், கல்லுப்பு. அவ வந்ததும் காலை வெந்நீர்ல வைக்கணும். இல்லன்னா மறுநாள் நடக்க முடியாது. இதெல்லாம் யார்கிட்டயும் கத்துக்கல, நானாப் பண்ணிப் பாத்ததுதான். ஈடுபாடு இல்லன்னாலும், எடுத்துக்கிட்ட வேலையைச் சரியாச் செய்யணும்ல?

அவ வந்து உட்கார்ந்து, காலை வாளியில விட்டதும் ஆரம்பிப்பா. பேச்சு. முதல் கிலோமீட்டர்லேருந்து. எந்த எடத்துல நண்டு வளை இருந்தது, எந்த ஊர்ல வலை பின்னுறவர் என்ன கேட்டார், மரக்காணத்துல உப்பு அள்ளுற பொம்பளைங்க காலுக்கு என்ன தடவிக்கிறாங்க. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். நான் நடுவுல, “எங்க காரைக்கால் யார்டுலகூட ஒரு தடவை”ன்னு ஏதாவது எடுத்து விடுவேன், அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டும்னு. உடனே நிறுத்திடுவா. நான் சொல்லி முடிச்சதும் சாப்பிடலாமான்னு கேப்பா.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. இந்த வருஷம் தை மாசம் வரைக்கும்.

மல்லிப்பட்டினத்துக்குத் தெற்கே, ஊர் பேரு வேண்டாம், நல்ல ஜனங்க. அந்தப் பக்கம் கடல் இந்தப் பக்கம் மாதிரி கிடையாது சார். அலையே இல்ல, குளம் மாதிரி நிக்கும். கரை எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சேறும் புதருமா இருக்கும். பதினொண்ணரைக்கு வரவேண்டியவ. பன்னெண்டாச்சு. பன்னெண்டேகால். போன் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கா.

நான் பதட்டப்படற ஆள் இல்ல. நடுக்காட்டுல சிக்னல் இல்லாம ஆறு மணி நேரம் நின்னவன். ஆனா பன்னெண்டரைக்குள்ள மடக்கு நாற்காலியை மூணு தடவை மடக்கி விரிச்சுட்டேன். சர்க்கரை கம்மியாயிருக்கும். அந்த ஊர்ல கோயில் விசேஷத்துக்கு மைக் செட் கட்டியிருந்தாங்க. போய்ச் சொன்னேன். அவங்களும் உடனே பாட்டை நிறுத்திட்டு அறிவிப்புப் பண்ணிட்டாங்க. “பச்சைத் தொப்பி, நீலச் சுடிதார் அணிந்த, குமுதவல்லி என்ற, அம்பத்தொம்பது வயதுடைய, உயரம் குறைவான அம்மாவைக் காணவில்லை.” உயரம் குறைவானன்னு நான் சொல்லல. அவங்களாச் சேத்துக்கிட்டது. நான் கையால காட்டினேன், அவ்வளவுதான்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா மனசு கேக்கல. கழுத்துல விசிலை மாட்டிக்கிட்டு, கையில குடையோட, அவ வரவேண்டிய திசையில இறங்கிட்டேன். ஆமா, தார் ரோட்டை விட்டு இறங்கித்தான். தோல் செருப்பு. முதல் அம்பது அடி நல்லாத்தான் இருந்தது. அதுக்கப்புறம் ஒரு கால் உள்ள போச்சு. அதை எடுக்க இன்னொரு காலை ஊன்னேன், அதுவும் போச்சு. முட்டி வரைக்கும். குடையை ஊன்னேன். குடை போச்சு. அசைய அசைய இறங்குது சார். தொடை வரைக்கும் வந்தாச்சு. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணி வேற லேசா வந்து காலைச் சுத்த ஆரம்பிச்சது. அந்த நேரத்துலயும் நான் நிதானத்தை விடல. விசிலை எடுத்து ஊதினேன். ஆபத்துன்னா எப்படி ஊதணுமோ அப்படி, விட்டு விட்டு.

அதான் சார் அவளைக் காப்பாத்துச்சு. எப்படின்னு கேளுங்க. அவ என்ன பண்ணியிருக்கா, வழியில நண்டு பிடிக்கிற ஒரு அம்மாவைப் பாத்திருக்கா, பஞ்சவர்ணம்னு பேரு. அந்தம்மா, “முன்னால சேறு ஆளை முழுங்கிரும், அந்தப் பக்கம் போகாதே, இறால் பண்ணை வரப்பு மேலயே நடந்து ஊருக்குள்ள வந்துரலாம், நானும் அங்கதான் வர்றேன்”னு கூட்டிக்கிட்டு வந்திருக்கு. சுத்துவழி, அதான் நேரமாயிருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கார்கிட்ட வந்தா, கார் இருக்கு, நாற்காலி இருக்கு, நான் இல்ல. சரி, எங்கயாவது ஒதுங்கப் போயிருப்பார்னு இவ நாற்காலியில உட்கார்ந்து, புளிச்சாதத்தைத் திறந்து, பஞ்சவர்ணத்துக்கும் ஒரு தட்டுல வெச்சுச் சாப்பிட ஆரம்பிச்சிருக்கா. அப்பதான் மைக்ல மறுபடியும் அறிவிப்பு. தன்னைக் காணோம்னு தானே கேட்டுக்கிட்டுச் சாப்பிட்டிருக்கா. பின்னாடியே என் விசில் சத்தம்.

ரெண்டு பேரும் ஒரு பலகையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. பலகையைச் சேத்து மேல போட்டு, வயித்தால படுக்கச் சொல்லி, ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்தாங்க. பஞ்சவர்ணம் என்னை மேலேருந்து கீழே பாத்துட்டுக் குமுதாகிட்டக் கேக்குது, “ஏத்தா, காணாமப் போனது நீயா, இவரா?”ன்னு.

ஊரே சிரிச்சது. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. கிராமத்து ஜனங்க, வெள்ளந்தி. நான் சொல்ல வர்றது என்னன்னா, நான் இறங்கிப் போய் அந்தச் சேறு எவ்வளவு ஆழம்னு காட்டினதாலதானே, அது எப்பேர்ப்பட்ட இடம்னு அவளுக்கே புரிஞ்சது? இல்லன்னா இன்னொரு நாள் போயிருப்பா. செருப்பு ரெண்டும் அங்கயேதான் இருக்கு. தேடி எடுத்துத் தர்றோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

குமுதா மட்டும் சிரிக்கல. லாட்ஜுக்கு வந்து, என் காலைக் கழுவிவிட்டு, கீறலுக்கெல்லாம் மருந்து போட்டா. முடிச்சுட்டுச் சொன்னா, “அடுத்த மாசத்துலேருந்து நீங்க வர வேணாங்க. நான் பஸ்ல போய்க்கிறேன்.”

“ஏன்? உன்னைத் தேடி வந்தது தப்பா?”ன்னேன்.

“தேடி வந்தது தப்பில்ல. ஒரு மணி நேரம் லேட்டானா நான் செத்துட்டேன்னு ஊருக்கே மைக்ல சொல்றீங்க பாருங்க. அந்த பயத்தையும் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியாது. தண்ணி பாட்டிலே கனமா இருக்கு.”

“பயமா இருக்காதா? தெரியாத ஊர், தனியாப் பொம்பளை...”

அப்ப ஒண்ணு கேட்டா சார். “முப்பது வருஷம் நான் தெரியாத ஊர்லதானே தனியா நடந்தேன்? ஒரு நாளாவது எங்க போன, எப்படி வந்தன்னு கேட்டிருக்கீங்களா?”

இது என்ன கேள்வி சொல்லுங்க. எங்க போனான்னு எனக்குத் தெரியாதா? டியூட்டிக்குப் போனா. அதைத்தான் சொன்னேன். “டியூட்டிக்குத்தானே போன?”ன்னு. அவ விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டா.

மாசி மாசம் தனியாப் போனா. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் கொண்டுபோய் விட வேண்டாம்னுட்டா. தினம் சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ். “வந்துட்டேன்.” அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது. நான் வீட்டுல நிம்மதியா இருந்தேன். நிஜமாத்தான். டிவி பாத்தேன். பேப்பர் படிச்சேன். பழக்கதோஷம், காலையில சுக்குக் காப்பி போட்டு பிளாஸ்க்ல ஊத்திட்டேன். ஊத்தினதை என்ன பண்றது, எடுத்துட்டுப் போய் கார்ல உட்கார்ந்து குடிச்சேன். போர்டிகோவுலதான். எதிர் வீட்டுக்காரர் வந்து, “வண்டி ஸ்டார்ட் ஆகலையா சார், தள்ளிவிடட்டுமா?”ன்னார். பேட்டரி செக் பண்றேன்னு சொல்லிட்டேன்.

நாலு நாள் கழிச்சு வந்தா. “எப்படி இருந்தது?”ன்னு கேட்டேன். “நல்லா இருந்தது.” அவ்வளவுதான் சார். அம்பது கிலோமீட்டருக்கு ரெண்டே வார்த்தை. ஷூவைப் பாத்தேன், வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்தது, சிப்பித் தூளா உப்பான்னு தெரியல. கேக்கலாம்னு நினைச்சேன். அவ அதுக்குள்ள தூங்கிட்டா. எனக்கு என்ன வருத்தம்னா, தொடர்ச்சி விட்டுப்போச்சு. பழவேற்காட்டுலேருந்து மல்லிப்பட்டினம் வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதுக்கப்புறம் இருட்டு. கூட்ஸ் வண்டியில நடுவுல நாலு பெட்டியைக் கழட்டிவிட்ட மாதிரி.

பங்குனியிலயும் தனியாத்தான் போனா. மூணாவது நாள் காலையில பதினோரு மணிக்கு போன் அடிச்சது. அவதான். “என்னாச்சு?”ன்னேன்.

“ஒண்ணும் ஆகல. சும்மாதான் பண்ணினேன்”னா. குரல் ஒரு மாதிரி இருந்தது. அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. “ஏங்க, கடல்பசுவைப் பாத்தேங்க.”

ராமநாதபுரம் பக்கம், மண்டபம் தாண்டி ஒரு கரை. விடியற நேரத்துல இவ நடந்து வந்துக்கிட்டிருக்கா. கரைவலை இழுக்கிறவங்க ஒரே சத்தம். வலைக்குள்ள ஒரு கடல்பசு மாட்டிக்கிச்சு. ஆவுளியான்னு சொல்லுவாங்களாம் அங்க. எருமைக்கன்னுக்குட்டி அளவுக்கு. அதோட அம்மா வலைக்கு வெளியில, தண்ணியில தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு, போகாம நிக்குது. மீனவங்க ஒரு நிமிஷம் யோசிக்கலையாம் சார். புது வலை. கத்தியை எடுத்து அறுத்துட்டாங்க. நாலு பேர் பிடிச்சுத் தள்ளியும் அது மணல்ல தட்டி நிக்குது, நகர மாட்டேங்குது. இவ ஷூவோட தண்ணியில இறங்கிட்டா. அது முதுகுல கையை வெச்சுத் தள்ளியிருக்கா. ஈர ரப்பர் மாதிரி இருந்ததுங்க, ஆனா உள்ள சூடு தெரிஞ்சதுங்கறா. மூச்சு விட்டதாம், மனுஷன் பெருமூச்சு விடற மாதிரி, இவ முகத்துலயே. அப்புறம் சட்டுன்னு அதோட எடை போயிடுச்சாம். கைக்குக் கீழ ஒண்ணும் இல்ல. ரெண்டு முதுகும் பக்கத்துல பக்கத்துல போறதை எல்லாரும் நின்னு பாத்திருக்காங்க.

நடை முடிஞ்சு லாட்ஜுக்குத் திரும்பறப்ப, இதை அவ பஸ்ல பக்கத்துல உட்கார்ந்த ஒரு அம்மாகிட்டச் சொல்லியிருக்கா. அந்தம்மா, “அப்படியா”ன்னுட்டுத் தூங்கிருச்சாம். அடுத்த ஸ்டாப்லயே இறங்கி எனக்கு போன் பண்றா.

நாப்பது நிமிஷம் பேசினா சார். நடுவுல எனக்கு, விருத்தாசலம் பக்கம் ஒரு தடவை தண்டவாளத்துல மலைப்பாம்பு கிடந்தது ஞாபகம் வந்தது. நல்ல கதை அது. சொல்ல வாயைத் திறந்தேன். அப்பதான் அவ சொன்னா, “போன்ல சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு”ன்னு. சரி, இருக்கிற சார்ஜை வீணாக்க வேண்டாமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவ சொல்லிக்கிட்டே போனா. ஒரு தடவை நிறுத்தி, “இருக்கீங்களா?”ன்னா. “இருக்கேன், சொல்லு”ன்னேன். அவ ஏற வேண்டிய பஸ் ரெண்டு அந்தப் பக்கம் போயிருக்கு. ஏறல. ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் பேச்சு பாதியில கட்டாயிடுச்சு. சார்ஜ் போச்சு.

அவ வான்னு சொல்லல, அது உண்மைதான். ஆனா புரிஞ்சுக்கணும்ல? பஸ் வசதி இல்லாத இடம், கால் வேற நனைஞ்சிருக்கு, மாத்து ஷூ வீட்டுல இருக்கு. கார் இல்லாம கஷ்டப்படறா. உடனே கிளம்பிட்டேன். அவ போன்ல பேர் சொன்ன லாட்ஜ் வாசலுக்கு அஞ்சு மணிக்கெல்லாம் போயிட்டேன். வெளியில வேப்பமரத்தடியில உட்கார்ந்து காலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்தா. ஏன் வந்தீங்கன்னு கேக்கல. எழுந்து வந்து முன் சீட்டுல உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டு, “போன்ல ஒண்ணு விட்டுட்டேங்க, அதோட கண்ணு எவ்வளவு சின்னதுன்னு சொல்லலை”ன்னா.

மறுநாள் அவ நடக்கிற அளவு முடிச்சுட்டுத் திரும்பி வர்றப்ப, நாலு மணி நேரம் கார்ல என்ன பேசறது? கடல்பசு ரெண்டு தடவை முடிஞ்சாச்சு. சும்மா பொழுது போகட்டும்னு கேட்டேன், “குமுதா, உன் டியூட்டியில அந்த ஊரெல்லாம், எந்தெந்த ஊர்?”ன்னு.

ஜன்னல் கண்ணாடியை ஏத்திவிட்டா. அப்புறம் சொன்னா. பூலாங்களம், சாத்தனேரி, வடக்குக் களத்துப்பட்டி, இன்னும் ரெண்டு. மெயின் ரோட்டுல பஸ் இறக்கிவிடும், அங்கேருந்து ஊசி மருந்து வெச்ச ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடை. ஐஸ் உருகறதுக்குள்ள கடைசி ஊருக்குப் போயாகணும். ஒரு மழைக்காலத்துல சாத்தனேரி ஓடையில கழுத்தளவு தண்ணியில பெட்டியைத் தலைமேல வெச்சுத் தாண்டியிருக்கா. ஒரு நாள் வரப்புல பாம்பு கடிச்ச ஒரு பொண்ணை முதுகுல தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கா, அந்தப் பொண்ணு இப்ப வங்கியில வேலை பாக்குதாம். அன்னிக்கு ராத்திரி நான் வீட்டுல இருந்திருக்கேன் சார். அரியலூர்ல லைன் கிளியர் கிடைக்காம நின்ன கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேனாம். அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தேன். எனக்குக் கணக்குல கொஞ்சம் ஆர்வம், வேற ஒண்ணுமில்ல. ஒரு நாளைக்கு ஒம்பது கிலோமீட்டர், வருஷத்துக்கு இருநூத்தி அம்பது நாள், முப்பது வருஷம். அறுபத்தேழாயிரத்து ஐநூறு. பூமியைச் சுத்தி நாப்பதாயிரம்தான் சார். இந்தம்மா ஒன்றரை தடவைக்கு மேல சுத்தியிருக்கா, பூலாங்களத்துக்கும் களத்துப்பட்டிக்கும் நடுவுலயே. நான் ரெண்டு தடவை பெருக்கிப் பாத்தேன். சரியாத்தான் வந்தது. அந்தப் பேப்பரை அவகிட்டக் காட்டல. என்னன்னு சொல்லிக் காட்டறது?

சித்திரையிலேருந்து மறுபடியும் நான்தான் வர்றேன். வரட்டுமான்னு நான் கேக்கல, வாங்கன்னு அவ சொல்லல. ஒரே ஒரு கண்டிஷன் போட்டா, ரெண்டு மணி நேரம் தாண்டற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. ஒத்துக்கிட்டேன். அதனாலதான் பாருங்க, இப்ப மணி பத்தே முக்கால், நான் எவ்வளவு நிதானமா இருக்கேன். டீயைக்கூட மறந்துட்டேன். ஆறிப்போச்சா? பரவாயில்ல.

இன்னும் எழுபது கிலோமீட்டர்தான் கன்னியாகுமரிக்கு. அடுத்த மாசமோ அதுக்கடுத்த மாசமோ முடிஞ்சுடும். அப்பாடான்னு இருக்கு சார் எனக்கு. போன வாரம் அவ ஒரு மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு, “ஏங்க, கன்னியாகுமரியில கரை முடியல, திரும்பி மேல போகுது”ன்னா. நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். கேரளாவுல, விழிஞ்ஞத்துல நம்ம ரயில்வே ஆள் ஒருத்தர் ரிட்டயர் ஆகி செட்டிலாயிருக்கார், அவருக்கு ஒரு போன் போட்டேன். சும்மா, விசாரிக்கத்தான். அந்தப் பக்கம் கரை எப்படி, சேறு உண்டான்னு.

அதோ உங்க பஸ் சத்தம் மாதிரி... இல்ல, லாரி.

சார், அங்க பாருங்க. அந்தக் கட்டுமரத்துக்கு இந்தப் பக்கம், பச்சையா. அவதான். வலது காலைக் கொஞ்சம் தாங்கி வைக்கிறா பாத்தீங்களா, சுண்டுவிரல் கொப்புளம் உடைஞ்சிருக்கு. அண்ணாச்சி, அந்த வெந்நீரை இப்படிக் குடுங்க. சார், கொஞ்சம் அந்த வாளியை நகத்துங்க. ஒரு விஷயம், அந்தச் சேத்துக் கதையை நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க. அவ அதை வேற மாதிரி சொல்லுவா. நீங்க பஸ்ஸை விட்டாலும் பரவாயில்ல, நாங்களே உவரியில இறக்கி விடறோம். ஆனா இப்பவே சொல்லிடறேன், அவ முதல் கிலோமீட்டர்லேருந்து ஆரம்பிப்பா. நடுவுல நீங்களும் எதுவும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்.

வா குமுதா. ஷூவைக் கழட்டாதே, நான் கழட்டறேன். இவர் உவரிக்குப் போறவர், நம்மகூட வர்றார். காலை வை, சூடு பாத்துட்டேன். தண்ணி குடி முதல்ல.

ம். சொல்லு.